வாசம் போன மூக்கு: கொரோனா காலத்தில் பார்த்தவை

காரைக்குடி, காது மூக்கு தொண்டை மருத்துவர்:

"உப்பு, புளிப்பெல்லாம் தெரியுது டாக்டர், குழம்பு மட்டும் சப்புன்னு இருக்கு." சமையல்கட்டில் நிற்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நாக்கில் குறையில்லை. சோம்பு, பட்டை, கல்பாசியெல்லாம் வாய்க்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறினால்தான் ருசி.

அடுத்து, "மிளகாய் தாளிச்சா நெடி ஏறுதே, அப்ப மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். இல்லை. நெடியையும் எரிச்சலையும் உணர்வது ஐந்தாம் மூளை நரம்பு. வாசத்துக்கு முதல் நரம்பு. அதனால் மிளகாய், மிளகு, தலைவலித் தைலம் வைத்துச் சோதிக்காதீர்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசியாகக் காப்பித்தூள், சோம்பு காட்டுங்கள்.

வைரஸ் பெரும்பாலும் வாசனை நரம்பணுக்களை விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கும் துணைச் செல்களைத் தாக்கியது. பலருக்குச் சில வாரங்களில் வாசம் திரும்பியதற்கு அதுவே காரணம். திரும்பாதவர்களுக்கு முகர்தல் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2009இல் வெளியான முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பஞ்சு வைத்து, தைலத்தில் சில சொட்டு விட வேண்டும். ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி, சின்னச் சின்ன மூச்சாக முகர வேண்டும். காலையும் மாலையும், குறைந்தது 12 வாரம். பாதியில் விடுவதுதான் தோல்விக்கு முதல் காரணம். அடுத்தது பழைய சரக்கு: தைலத்துக்குப் பதில் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பை வைத்தால், அதன் தலையை நகத்தால் அழுத்தும்போது எண்ணெய் கசிய வேண்டும், கசியாவிட்டால் அது குச்சிதான். கல்பாசி நம் ஊர்ப் பெருமை என்றாலும் எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும், குப்பிக்கு ஆகாது. யூகலிப்டஸின் குளிர்ச்சி தெரிவதை மட்டும் வைத்து வாசம் வந்துவிட்டது என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

குணமாகும் வழியில் சிலருக்கு வெங்காயம் வதக்குவதும் வறுத்த கறியும் சாக்கடையாக நாறும். பயிற்சியை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுத்தால் ஆவி குறையும், நாற்றமும் குறையும். வீட்டில் வேறு யாராவது தினமும் கேஸ் அடுப்பைக் கவனிக்கட்டும்: கசிவைக் காட்டிக்கொடுக்கும் மெர்காப்டன் நாற்றம் இவர்களுக்கு எட்டாது.

தேவகோட்டை, ஆய்வக நுட்புநர்:

டாக்டர் சொன்னதோடு ஒன்று. "கொரோனா டெஸ்ட்டுக்கு மூக்குல குச்சி விட்டதாலதான் வாசம் போச்சு" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வாசனைப் பகுதி மூக்கின் கூரையில் இருக்கிறது. குச்சியோ மூக்கின் தரையை ஒட்டி, அண்ணத்துக்கு இணையாக, காதை நோக்கிப் போக வேண்டும். மேல்நோக்கித் தூக்குவதுதான் தவறு. ஆழம், நாசித் துளைக்கும் காதுக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. தட்டினால் தள்ளக் கூடாது, நடுச்சுவர் வளைந்திருக்கும். மறு நாசிக்கு மாறுங்கள். சில விநாடி நிறுத்தி, சுழற்றி எடுக்கலாம். பஞ்சு சுற்றிய மரக்குச்சி வைரஸைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும், நைலான்தான் சரி. ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்கணும். நிமிர்த்திப் படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும்.

மாதிரி எடுக்கும் இடம் முகப்புத் திண்ணையாக இருந்தால் நல்லது. ஏசி அறை வேண்டவே வேண்டாம்.

சிவகங்கை, செவிலியர்:

வாசம் வரட்டும் என்று கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குபவர்களுக்குச் சொல்லுங்கள்: சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கருப்புப் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும். ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரத்துப்போதல், கருமையான சளி, ஆடும் மேல்பல், இமை வீக்கம், இரட்டைப் பார்வை: ஒன்று இருந்தாலும் அன்றே எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். தமிழக அரசு 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சையை, மருத்துவமனைகள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கருப்புப் பூஞ்சைக்கு ஏற்றும் லைப்போசோமல் ஆம்போடெரிசின் மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் (குளுக்கோஸ் நீர்) கலக்கணும். சலைனில் கலந்தால் திரிந்துவிடும். அதே லைனில் முன்பு சலைன் ஓடியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டு ஏற்றுங்கள். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அடிக்கடி பார்க்கணும், பொட்டாசியம் சட்டென்று இறங்கும்.