வளர்ப்புப் பிராணியால் காட்டுயிருக்குக் கேடு வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

காட்டு உயிர்களைப் பழக்கி நம்மோடு வைத்துக்கொண்டது இயற்கைக்குக் கேடா என்று பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. அவரவர் கண்ணால் பார்த்ததை எழுதலாமே என்று தோன்றியது. முதலில் என்னுடையது.

என் தோட்டத்து ரோஜா இலைகளின் ஓரம், கத்தரி வைத்து வெட்டியதுபோல அரைவட்டமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. புழுதான் என்று நினைத்து மருந்து அடிக்கக்கூடப் போனேன். ஒருநாள் காலை பார்த்தால், சின்னத் தேனீ ஒன்று இலையை நறுக்கி, அந்தத் துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறக்கிறது. இலைவெட்டித் தேனீ. வேலியோர மூங்கில் துளைக்குள் இலையால் அறை கட்டி, மகரந்தம் சேர்த்து, ஒரு முட்டை இட்டு மூடிவிடும். கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, எல்லா வேலையும் அந்த ஒருத்திதான். உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இப்படித் தனியாக வாழ்பவைதான்.

அடுத்த ஆண்டு, தேனீக்கள் அழிகின்றன என்று கேட்டுக் கேட்டு நான்கு தேனீ வளர்ப்புப் பெட்டி வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நம்பினேன். நல்ல பருவத்தில் ஒரு பெட்டியில் முப்பது, நாற்பதாயிரம் தேனீக்கள் இருக்கும். தோட்டம் அதேதான், பூவும் அதேதான். காலை பத்து மணிக்குள் பூவில் தேனும் மகரந்தமும் துடைத்து வைத்ததுபோல ஆகிவிடும். இரண்டாம் கோடையில் மூங்கிலைப் பார்த்தேன். முன்பு பதினொரு துளைகள் அடைத்திருந்தன, இப்போது இரண்டு. அந்த ஆண்டு மழையும் குறைவு, பெட்டி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பூ இல்லாத மாதத்தில் பெட்டித் தேனீக்கு நான் சர்க்கரைப் பாகு வைத்தேன். அந்த இலைவெட்டிக்கு யார் வைத்தார்கள்? பெட்டித் தேனீயின் இறக்கையைச் சுருட்டிவிடும் வைரஸ் காட்டுத் தேனீக்களுக்கும் தொற்றுகிறது என்பதை அப்புறம்தான் படித்தேன். மூன்று பெட்டிகளைக் கொடுத்துவிட்டேன். நான்காவதைக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

* * *

எங்கள் பூனை வாசலில் கொண்டுவந்து போட்டதையெல்லாம் ஓர் ஆண்டு எழுதி வைத்தேன். குருவி 14, பல்லி 9, தட்டான்கூட ஒன்று. பசியே கிடையாது, தட்டில் தீனி அப்படியே இருக்கும். காட்டில் வேட்டையாடும் விலங்கென்றால் இரை குறையும்போது அதுவும் குறையும். நாம் தீனி வைக்கும் பூனைக்கு அந்தக் கட்டு இல்லை. நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கம் வந்தது, அதைக் காக்க வந்தவர்களோடு பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத சின்னக் குருவி இனம் ஒன்று அந்தத் தீவில்தான் மிஞ்சியிருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. இதைப் படித்த வாரத்திலிருந்து எங்கள் பூனை வீட்டுக்குள்தான்.

* * *

என் நாய்க்குத் தடுப்பூசி போடாமல் விட்டுவிட்டேன். காட்டோரம் வீடு, அவிழ்த்துவிட்டால் நாளெல்லாம் சுற்றிவிட்டு வரும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து, கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, கடைசியில் வலிப்பு கண்டு என் மடியிலேயே போனது. மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பத்து நாளும் இது எங்கெல்லாம் போயிற்று?" நரிக்கும் அதே நோய் தொற்றும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் இதே வைரஸால் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. சுற்றியிருந்த ஊர் நாய்களிடமிருந்து வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த மாதம் ஓடைப் பக்கம் ஒரு நரி தள்ளாடிக்கொண்டு நடந்தது. இன்னும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

* * *

மூன்றையும் படித்தேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மனிதன் கை பட்டாலே கேடு என்று சொல்ல என்னால் முடியாது. விலங்குக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இருந்தபோது பிரெஸ்வால்ஸ்கி என்ற காட்டுக் குதிரைகளுக்குப் புல் போட்டிருக்கிறேன். 1960களின் இறுதிக்குப் பிறகு அவை காட்டில் ஒன்றுகூட இல்லை. மனிதர் அடைத்து வைத்திருந்த ஒரு சிலவற்றின் வழிவந்தவைதான் 1992 முதல் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பின. அங்கே முதல் நாளே எனக்குச் சொன்னார்கள்: தடவிக் கொடுக்காதே, பெயர் வைத்துக் கூப்பிடாதே. நம்மிடம் பழகிவிட்டால் திருப்பி அனுப்புவது கடினம்.

* * *

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பட்டுப்பூச்சி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரே ஒரு கூட்டை மட்டும் கொதிநீரில் போடாமல் எடுத்து வைத்தோம். வெளியே வந்த வெள்ளைப் பூச்சி இறக்கையை அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேசையை விட்டு எழும்பவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ப்பில் அந்த இனத்துக்குப் பறக்கவே வராமல் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

குதிரைக்குத் திரும்பிப் போக ஒரு புல்வெளி மிச்சம் இருந்தது, சரி. மாட்டை நினைத்துப் பாருங்கள். அதன் மூதாதையான ஆரோக்ஸ் இனத்தின் கடைசிப் பசு 1627-ல் போலந்தில் இறந்தது. 2018-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடைகள் சுமார் 60 சதவீதம், மனிதர்கள் 36, காட்டிலும் கடலிலும் தன்போக்கில் வாழ்பவை வெறும் 4. ஒரு மாட்டையோ ஒரு தேனீப் பெட்டியையோ நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவற்றுக்கு நாம் எவ்வளவு விட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பூச்சியைத் திறந்த ஜன்னலில் வைத்தோம். நான்கு நாள் அங்கேயே இருந்து செத்தது.

* * *

பூனையை உள்ளே வைத்தவருக்கு ஒரு கேள்வி. பழக எத்தனை நாள் ஆயிற்று? எங்களுடையது ராத்திரி முழுக்கக் கதவைப் பிராண்டுகிறது.

* * *

மூன்று வாரம் ஆயிற்று. பொழுது சாயும் நேரத்தில் அரைமணி நேரம் கயிறு கட்டிய இறகோடு விளையாடுங்கள், ஜன்னலோரம் உயரமாக ஒரு பலகை போடுங்கள். முதல் வாரம் மட்டும் கதவைத் திறந்துவிடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.