டிரான்ஸ்போசானுக்குத் தமிழில் என்ன? வெள்ளி நண்பகலுக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள், இரவு 9:40, தெம்பனிஸ்

குழுவினர்க்கு வணக்கம். தமிழ்மொழி மாதத்துக்காகச் சிங்கப்பூர் நூலகத்தில் வைக்கவிருக்கும் அறிவியல் பலகைகளில் மூன்று முடிந்துவிட்டன. நான்காவது பூஞ்சைகளைப் பற்றியது. அதன் ஆங்கில மூலத்தில் ஒரு சொல் பதினொரு முறை வருகிறது: டிரான்ஸ்போசான். மரபணுத்தொகுதிக்குள் (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏவுக்குள்) ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் டி.என்.ஏ துண்டு. வெள்ளி நண்பகலுக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பவர்கள். இப்போதைக்கு 'தாவும் மரபணு' என்று எழுதிவைத்திருக்கிறேன். சரிதானா?

திங்கள், இரவு 10:15, கிளமெண்டி

இரண்டு பிழைகள், ஆசிரியை. முதலாவது, அது மரபணு அன்று. தனக்குள் மரபணு வைத்திருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது, எல்லாம் தாவுவதில்லை. ஒரு வகை தன்னை வெட்டிக்கொண்டுபோய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை இருந்த இடத்தை விட்டு அசையாது, ஆர்.என்.ஏ வழியாகத் தன்னை நகலெடுத்து, நகலைக் கொண்டுபோய் வேறிடத்தில் செருகும்.

நெல்லுக்குக் குலை நோய் தரும் பூஞ்சையில் இரண்டும் உண்டு. 'பாட்2' வெட்டி ஒட்டும் வகை. 'மேகி' நகலெடுக்கும் வகை (நூடுல்ஸ் அன்று, அந்தத் துண்டின் பெயரே அதுதான்). பலகையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்: எதிர்ப்புத்திறன் உள்ள நெல் ரகம் இந்தப் பூஞ்சையின் ஒரு புரதத்தை வைத்துத்தான் ஆள் வந்திருக்கிறது என்று கண்டுகொள்கிறது. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவில் இப்படியொரு துண்டு போய் விழுந்தால் அடையாளம் அழிந்துவிடும். வாயிற்காவலன் கண்ணெதிரே திருடன் நடந்து உள்ளே போவான்.

செவ்வாய், காலை 6:05, ஈசூன்

துண்டுக்குப் பெயர் வைக்குமுன் பூஞ்சைக்கு நியாயம் செய்யுங்கள். பூஞ்சை உடம்பு என்றால் மெலிந்த உடம்பு. காட்டு மரத்தையே தின்று தீர்க்கும் உயிருக்கு நோஞ்சான் என்று பெயர் வைத்துவிட்டோம். காளானுக்கு நம்மிடம் 'ஆம்பி' என்ற பழஞ்சொல் இருக்கிறது. புறநானூறு 164-இல் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்கிறார். வறுமையைச் சொல்ல இதற்குமேல் ஒரு படம் வேண்டுமா? சிறுபாணாற்றுப்படையிலோ 'புழற்காளாம்பி'. காளான் அங்கிருந்துதான் வந்தது என்பது என் துணிபு. மேலும் 'அம்' என்றால் நீர். ஆம்பல் நீரில் பூப்பது, ஆம்பி ஈரத்தில் பூப்பது. இதை விரித்து எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், விரும்புவோர்க்கு அனுப்புகிறேன்.

செவ்வாய், காலை 8:30, தெம்பனிஸ்

ஐயா, 'பூஞ்சைகளின் உலகம்' என்ற தலைப்புப் பதாகை அச்சாகிவிட்டது. எட்டுப் பக்கத்தையும் சனிக்கிழமை படிக்கிறேன்.

செவ்வாய், பிற்பகல் 1:10, உட்லண்ட்ஸ்

டிரான்ஸ்போசான் என்றே விட்டுவிட்டால் என்ன? பலகையைப் பார்க்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தேட வேண்டுமே. மரபியல் அறிஞர் மக்கிளின்டாக் அம்மையார் 1940களில் மக்காச்சோளத்தில் இதைக் கண்டார்; நோபல் பரிசு வர 1983 ஆனது. நமக்கு மூன்று நாள்தான்.

செவ்வாய், பிற்பகல் 1:45, ஈசூன்

தம்பி, டகரம் தமிழில் மொழிமுதல் வாராது. வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தொடு புணர்த்துக் கொள்ளத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார். அப்படியானால் 'திரான்சுபோசன்' என்று எழுதுங்கள்.

செவ்வாய், பிற்பகல் 1:52, உட்லண்ட்ஸ்

அது இராமநாதபுரத்தில் ஒரு குறுநில மன்னன் பெயர்போல் இருக்கிறது, ஐயா.

செவ்வாய், இரவு 8:20, சிராங்கூன்

சிரித்தது போதும். 'இணையம்' நம் ஊர் நா. கோவிந்தசாமி தந்த சொல் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம்; அன்றைக்கும் யாராவது 'இண்டர்நெட் போதாதா' என்றுதானே கேட்டிருப்பார்கள்? இன்று சீனப் பலகையைத் தயாரிக்கும் தோழியிடம் அவர்கள் சொல்லைக் கேட்டேன். மூன்றே எழுத்து: மாறுதல், இருக்கை, கடைசியில் பொருளைக் குறிக்கும் ஓர் ஈறு. அவ்வளவுதான். நாமும் 'இருக்கைமாறி' என்றால் பிள்ளைகளுக்குப் பார்த்ததும் புரியும்.

செவ்வாய், இரவு 9:05, கிளமெண்டி

அழகான சொல். ஆனால் பழைய குறை அப்படியே இருக்கிறது: நகலெடுப்பது இருக்கை மாறுவதில்லை. தேக்கா உணவு நிலையத்தில் மதிய நேரத்தில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கிறோமே, அதுதான் சரியான உவமை. ஆள் எழுந்திருக்கவே இல்லை. இன்னொரு மேசையும் போய்விட்டது. பார்லிக்குச் சாம்பல் நோய் தரும் பூஞ்சையைப் பாருங்கள். அதன் மரபணுத்தொகுதியை 2010-இல் படித்தபோது அதில் பாதிக்குமேல் இத்தகைய துண்டுகளே என்று தெரிந்தது. நிலையம் முழுக்க டிஷ்யூ பாக்கெட்.

புதன், காலை 5:50, ஈசூன்

இரவெல்லாம் யோசித்தேன். 'தாவி'. கருவி, ஊர்தி போல இகர ஈற்றுப் பெயர். அது வேண்டாமென்றால் 'விருந்து'. விருந்து என்றால் முதற்பொருள் புதுமை; புதிதாய் வந்தவர் பிற்பாடு.

புதன், காலை 7:15, உட்லண்ட்ஸ்

'தாவி தாவி வந்து மரபணுவில் தாவி அமர்ந்தது.' இதில் எது பெயர், எது வினையெச்சம் என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா.

புதன், காலை 9:30, கிளமெண்டி

விருந்து என்றதும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சை நினைவுக்கு வந்தது. அதைப்போல விருந்தோம்பாத உயிரை நான் பார்த்ததில்லை. ஒரே பத்தி இரண்டு இடத்தில் இருப்பதைப் பாலினப்பெருக்கத்தின்போது எப்படியோ கண்டுபிடித்து, இரண்டு படியிலும் கிறுக்கித் தள்ளிவிடும். சி (C) என்ற டி.என்.ஏ எழுத்துகளில் பல டி (T) ஆகிவிடும். 1987-இல் வெளிவந்த செய்தி. நகலெடுத்துப் பிழைக்க வந்த துண்டு தன் நகலாலேயே அகப்பட்டுக்கொள்கிறது. அதனால்தான் அதன் ஆய்வக வகைகளில் உயிரோடு இயங்கும் துண்டைக் காண்பது அரிது. ஐவரி கோஸ்ட்டில் எடுத்த ஒரு வகையில்தான் அப்படியொன்று கிடைத்தது.

எதிர்முனையில் இத்தகைய துண்டுகளிலேயே இன்னொரு கூட்டம்: 2022-இல் 'விண்கலங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். சில பல்லாயிரம் எழுத்து நீளம், சில பல இலட்சம். வேறு மரபணுக்களைச் சரக்காக ஏற்றிக்கொண்டு, இனம் விட்டு இனம்கூடப் போகின்றன. ஒரு முனையில் இருக்கும் மரபணுதான் முழுக் கலத்தையும் பெயர்க்கிறது. அதற்குக் 'கேப்டன்' என்று பெயர். தமிழில்?

புதன், காலை 9:41, ஈசூன்

மீகாமன்.

புதன், காலை 9:44, தெம்பனிஸ்

ஏற்கப்பட்டது. இந்தக் குழுவில் மூன்று நிமிடத்தில் முடிந்த முதல் சொல் இதுவாகத்தான் இருக்கும். துறைமுக ஊருக்குப் பொருத்தமும்கூட. மூலச்சொல்லுக்கு வாருங்கள். என் தேர்வு 'இடம்பெயர்கூறு'. பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் கூறு; வினைத்தொகை. பெயர்வது தானா தன் நகலா என்று சொல் அடித்துச் சொல்லாததால் கிளமெண்டியாரும் பொறுத்துக்கொள்ளலாம். யாரும் நடுவில் 'க்' போட்டுவிடாதீர்கள். போட்டால் தொகை கெட்டு, பெயர்ச்சொல்லின் கூறு ஆகிவிடும்.

புதன், இரவு 10:30, பீஷான்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தாய்வீடு யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் 'இடம்பெயர்ந்தது' என்றால் ஆண்டும் மாதமும் சேர்த்துத்தான் சொல்வோம். இரண்டு சூட்கேஸ், ஒரு தையல் இயந்திரம். அந்தச் சொல்லை நெல் நோய்க்குப் பக்கத்தில் பார்க்க எனக்கு ஒப்பவில்லை. தடுக்கவில்லை. பதிவில் இருக்கட்டும்.

வியாழன், காலை 7:00, சிராங்கூன்

பீஷான் அம்மா சொன்னதைப் படித்தபின் எனக்கும் தயக்கம்தான். ஆனால் 'பெயர்கூறு' என்று மட்டும் சுருக்கினால் யாரோ அதட்டிப் பெயர் கேட்பதுபோல் இருக்கிறது.

வியாழன், இரவு 9:15, தெம்பனிஸ்

வாக்குகள்: இடம்பெயர்கூறு நான்கு, டிரான்ஸ்போசான் இரண்டு, இருக்கைமாறி ஒன்று, தாவி ஒன்று. தாவிக்கு விழுந்தது யாருடைய வாக்கு என்று சொல்லத் தேவையில்லை. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் டிரான்ஸ்போசான் வரும். பீஷான் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கோப்பு போய்விட்டது.

வெள்ளி, காலை 11:20, தெம்பனிஸ்

மெய்ப்பு வந்திருக்கிறது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. கட்டம் குறுகலாக இருந்ததால் சொல்லை இரண்டு வரியாக உடைத்துவிட்டார். மேல் வரியில் 'இடம்', கீழ் வரியில் 'பெயர்கூறு'. உதவிக்கு வந்த மாணவி பார்த்துவிட்டு, "ஆசிரியை, இந்தப் பலகை எதற்கு என் இடத்தையும் பெயரையும் கேட்கிறது?" என்கிறாள். எழுத்தளவைக் குறைத்து ஒரே வரியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாற்பது நிமிடம் இருக்கிறது.

வெள்ளி, காலை 11:26, ஈசூன்

அம்மா, 'தாவி' இரண்டே எழுத்து. எந்தக் கட்டத்திலும் ஒடியாது.