தோட்டத்து வீட்டுக் குழு, வியாழன் இரவு

இரவு 7.42

தங்கவேல் சித்தப்பா: [காணொளி 0:19]

தங்கவேல் சித்தப்பா: பட்டறைக்காரர்கள் குழுவில் வந்தது. இது நம் செந்தில் வண்டிதானே? வெள்ளை. பின்கண்ணாடியில் கருப்பணசாமி குதிரை ஸ்டிக்கர்.

சுசீலா சித்தி: எங்கே? என்ன ஆச்சு?

சுசீலா சித்தி: ஐயோ முன்பக்கமே இல்லை

மாலதி அக்கா: செந்திலு???

மாலதி அக்கா: போனை எடுக்க மாட்டேன் என்கிறான்

தங்கவேல் சித்தப்பா: செட்டிபாளையம் ரேஸ் ட்ராக். ஞாயிற்றுக்கிழமை நடந்ததாம். இன்றைக்கு வியாழன்.

அம்மா: என்ன வீடியோ. எனக்குத் திறக்கவில்லை

மாலதி அக்கா: திறக்க வேண்டாம் அம்மா

கவிதா: அவர் நன்றாக இருக்கிறார் அத்தை. குளிக்கப் போயிருக்கிறார்.

அம்மா: வண்டி சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொன்னானே

இரவு 7.58

நான்: எல்லாரும் மன்னிக்க வேண்டும். நானே சொல்லியிருக்க வேண்டும். அது என் வண்டிதான். எனக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை பெல்ட் இழுத்த தடம் நீலமாக இருக்கிறது, அவ்வளவுதான். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வேறு வண்டியும் இல்லை. மார்ஷல்கள் உடனே சிவப்புக் கொடி காட்டி எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் ஓடி வந்துவிட்டார்கள்.

நான்: எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ட்ராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் முழு வேகத்திலிருந்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். வேகம் 100-லிருந்து 140 ஆனால் பிரேக் வாங்க வேண்டிய சூடு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தச் சூடு பிரேக் பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கு இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிதான் கணக்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

சுசீலா சித்தி: சாப்பிட்டாயா கண்ணு

தங்கவேல் சித்தப்பா: இத்தனையும் தெரிந்துதானே போனாய்?

நான்: தெரிந்துதான் சித்தப்பா. பேட் நான்கும் புதிது போட்டேன். ஆயில் மாற்றி இரண்டரை வருடம் ஆகிவிட்டது. சனிக்கிழமை மாற்றுவதாக இருந்தேன். அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வரும்போது இருட்டிவிட்டது, மெக்கானிக் கிளம்பிவிட்டார்.

அம்மா: அப்பத்தா மேல் பழி போடாதே

நான்: போடவில்லை அம்மா. ஆயில் மாற்றாமல் போனது நான்.

பிரவீன்: அதற்கு முந்தைய லேப்தான் மாமாவின் பெஸ்ட் டைம் 🔥

மாலதி அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

மாலதி அக்கா: பிரவீன்

மாலதி அக்கா: ஞாயிற்றுக்கிழமை ப்ராஜெக்ட் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்

பிரவீன்: டயர் காற்று பார்க்கத்தான் போனேன் அம்மா. வண்டியில் ஏறவே இல்லை.

மாலதி அக்கா: செந்திலு, இது உனக்கே நன்றாக இருக்கிறதா? எனக்குத் தெரியாமல் என் பையனை?

நான்: தப்புதான் அக்கா. உன்னிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னான். நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ரவி மச்சான்: பிரவீன், வீட்டுக்கு வா. பேசிக்கொள்ளலாம்.

இரவு 8.15

சுசீலா சித்தி: ஞாயிறு பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி இன்னும் நான்கு வீடு தரவில்லை. பூசாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அரிசி நாங்கள் எடுத்து வருகிறோம்.

தங்கவேல் சித்தப்பா: சுசீ, இப்போது அது முக்கியமா

சுசீலா சித்தி: ஞாயிறு வர இரண்டு நாள்தானே இருக்கிறது. அப்பத்தா எதில் வருவார்? செந்தில் வண்டிதானே அவருக்கு ஏறத் தோதாக இருக்கும். நம் இன்னோவாவில் முட்டி மடங்காது.

மாலதி அக்கா: போன வருடம் இன்னோவாவில் ஏற்றிவிட்டு, இறக்க மூன்று பேர் பிடித்தோம்

ரவி மச்சான்: எஸ்டிமேட் எவ்வளவு செந்தில்?

நான்: 2,85,000. ரேடியேட்டர், முன் கிராஸ் மெம்பர், பானெட், இரண்டு ஏர்பேக், டாஷ்போர்டு. திறந்து பார்த்தால் கூடலாம் என்கிறார்கள்.

தங்கவேல் சித்தப்பா: இன்சூரன்ஸ் இருக்கிறதல்லவா. பொள்ளாச்சி ரோட்டில் நாய் குறுக்கே வந்தது என்று எழுதிக்கொடு. ரவி பார்த்துக்கொள்வான்.

ரவி மச்சான்: மாட்டேன் மாமா.

ரவி மச்சான்: பாலிசியிலேயே பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கிறது. பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது. ட்ராக் டே என்பது சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்தான், பந்தயம் இல்லை என்று வாதாடிப் பார்ப்பவர்கள் உண்டு. நாய் கதை வேறு. அது பொய். வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

நான்: நானும் கேட்க மாட்டேன் மச்சான். என் கைக்காசுதான்.

தங்கவேல் சித்தப்பா: கைக்காசு. சரி. 1986-லும் இந்த வீட்டில் இதே வார்த்தைதான் சொன்னார்கள். அப்புறம் தென்னந்தோப்பில் ஒன்றரை ஏக்கர் போனது.

அம்மா: தங்கவேலு, அதை எதற்கு இங்கே

தங்கவேல் சித்தப்பா: யாரையும் சொல்லவில்லை அண்ணி. நடந்ததைச் சொன்னேன்.

சுசீலா சித்தி: அந்தத் தோப்பு இன்றைக்கு இருந்திருந்தால்

தங்கவேல் சித்தப்பா: விடு

இரவு 8.31

பிரவீன்: துபாயில் 2025 ஜனவரியில் அஜித் வண்டி ப்ராக்டீஸில் சுவரில் மோதிச் சுழன்றது. அவரே இறங்கி நடந்து போனார். அதே வாரம் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியது. ஒரு மோதலுக்கு எல்லாம் விட்டுவிடுவதா?

தங்கவேல் சித்தப்பா: 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் கார் பந்தய வீரர் கே.இ.குமார் இறந்தாரே, அதையும் சொல். 59 வயது. எத்தனையோ வருடம் ஓட்டிய கை. அதே வருடம் ஆகஸ்டில் அங்கேயே பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் போனான்.

பிரவீன்: 😔

தங்கவேல் சித்தப்பா: அஜித்துக்குப் பின்னால் முழு அணி நிற்கிறது. மெக்கானிக்குகள், வண்டிக்குள் ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, கழுத்துக்குத் தனிப் பாதுகாப்பு. உன் மாமனுக்குப் பின்னால் காற்றடிக்கும் மீட்டரோடு நீ நின்றாய்.

மாலதி அக்கா: சரியாகக் கேட்டீர்கள் சித்தப்பா

நான்: சித்தப்பா சொல்வது நியாயம்தான். என் வண்டி வார நாளில் யாழினியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற வண்டி. ரோல் கேஜ் கிடையாது, கம்பெனி பெல்ட்தான்.

நான்: ஆனால் ஒன்று. நான் அங்கே கற்றுக்கொண்டதால்தான் ரோட்டில் வேகம் போவதில்லை. மூன்று வருடமாக அவினாசி ரோட்டில் ஒருவரையும் முந்தத் தோன்றியதில்லை. மாதத்தில் ஒரு காலை, நாலு முறை இருபது நிமிடம். பட்டறையில் நாள் முழுக்க ஃபோன், பாக்கி, ஆள் வரவில்லை. அந்த இருபது நிமிடத்தில் வேறு எதுவும் தலையில் இருக்காது. அடுத்த வளைவு மட்டும்தான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா: [குரல் செய்தி 0:47]

மாலதி அக்கா: அம்மா அழாதே

சுசீலா சித்தி: என்ன சொன்னார், எனக்குக் கேட்கவில்லை

மாலதி அக்கா: ஞாயிறு கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்கிறார். இனி போக மாட்டேன் என்று.

நான்: அம்மா, சத்தியம் பண்ணிவிட்டு மீறினால் அது இன்னும் மோசம். கொஞ்சம் பொறு.

ரவி மச்சான்: அடுத்த மாத ஸ்லாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறாயா?

நான்: கட்டியிருக்கிறேன். நாளை மதியத்துக்குள் சொன்னால் வேறு ஆளுக்கு மாற்றிக்கொடுப்பார்கள்.

தங்கவேல் சித்தப்பா: அப்போ இன்றைக்கே முடிவு பண்ணு.

இரவு 8.52

கவிதா: நான் ஒன்று சொல்லலாமா.

அம்மா: சொல்லு சாமி

கவிதா: ஞாயிறு மதியம் வந்தார். வண்டி நின்றுவிட்டது என்றார். சட்டை மாற்றும்போது பெல்ட் தடத்தைப் பார்த்தேன், அப்புறம்தான் எல்லாம் சொன்னார். தலை எங்கேயும் படவில்லை என்றார். நம்பினேன். நேற்று ஹெல்மெட்டைத் துடைத்து மேலே வைக்கலாம் என்று எடுத்தேன். வலது காதுக்கு மேலே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். வெள்ளையில் கறுப்பு ஏறியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.

கவிதா: [படம்]

மாலதி அக்கா: கடவுளே

நான்: இது எனக்குத் தெரியாது கவி. சத்தியமாகத் தெரியாது. பட்டதாக ஞாபகமே இல்லை.

கவிதா: அதுதான் எனக்குப் பயம். ஞாபகம் இல்லை என்பதுதான்.

ரவி மச்சான்: டாக்டரிடம் போனானா?

கவிதா: தோளைத்தான் காட்டினார். தலையைச் சொல்லவில்லை.

ரவி மச்சான்: காலையில் ஒன்பது மணிக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன். மறுக்காதே செந்தில். அந்த ஹெல்மெட்டும் இனி ஆகாது. ஒருமுறை அடி வாங்கியது என்றால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது.

நான்: சரி மச்சான்.

தங்கவேல் சித்தப்பா: தலைவலி, வாந்தி ஏதாவது?

நான்: இல்லை சித்தப்பா. திங்கள்கிழமை கொஞ்சம் தலை கனமாக இருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன்.

அம்மா: இப்போதே போகக் கூடாதா

ரவி மச்சான்: நான்கு நாள் ஆகிவிட்டது அத்தை. ராத்திரி வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே கூப்பிடு கவிதா, எந்த நேரமானாலும். இல்லையென்றால் காலையில் போதும்.

இரவு 9.10

பெரியப்பா: எல்லாம் படித்தேன். தட்டச்சு செய்ய நேரமாகிறது.

பெரியப்பா: தங்கவேலு சொன்ன ஒன்றரை ஏக்கர் என்னால் போனதுதான். நான் மறக்கவில்லை.

தங்கவேல் சித்தப்பா: அண்ணா, கோபத்தில் வந்துவிட்டது. மனதில் வைக்காதீங்க.

பெரியப்பா: இருக்கட்டும். சோழவரம் பந்தயத்தில் ஆர்.டி 350 பைக்கோடு விழுந்தேன். பழைய விமான ஓடுதளம் அது, யுத்தக் காலத்தில் போட்டது. கால் கூடிய பிறகு அப்பாவுக்குத் தெரியாமல் இன்னும் இரண்டு முறை போனேன். அது உங்கள் யாருக்கும் தெரியாது.

அம்மா: என்னங்க இது

பெரியப்பா: இரண்டு முறையும் ரோட்டைப் பார்க்காமல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே விழுவேன் என்று. அன்றைக்கே வண்டியை விற்றேன். அப்பா சொன்னதால் விட்டேன் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. செட்டிபாளையம் ட்ராக்குக்குப் பேர் வைத்தார்களே, அந்தக் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தய வண்டி கட்டியபோது நான் பார்வையாளன். நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினபோது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். விட்டதற்காக வருத்தப்பட்டதில்லை. ஆசை போனதும் இல்லை.

பெரியப்பா: செந்திலு, ஒன்று கேட்கிறேன். பெடல் முதலில் எப்போது இறங்கியது?

நான்: 

பெரியப்பா: வெறும் செய்தி வந்திருக்கிறது

நான்: கை தவறிவிட்டது பெரியப்பா.

நான்: அதற்கு முந்தைய லேப்பில். மூன்றாவது வளைவில் பெடல் ஒரு அங்குலம் அதிகமாகப் போனது. தெரிந்தது. ஒரு லேப் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, உள்ளே வந்திருக்க வேண்டும். அதுதான் முறை, ஒவ்வொரு முறையும் காலையில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். டைம் நன்றாக வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு லேப் என்று போனேன். நேர்ப்பாதை முடிவில் அமுக்கினேன், கால் தரையில் இடித்தது. கியரை இறக்கி மண்ணில் விட்டேன். டயர் அடுக்கிய சுவரில் படும்போது வேகம் பாதிக்கு வந்திருக்கும். இந்த நான்கு நாளும் மோதினது கனவில் வரவில்லை. அந்த ஒரு அங்குலம்தான் காலில் வந்துகொண்டே இருக்கிறது.

பெரியப்பா: ம்.

கவிதா: இதை என்னிடம் சொல்லவில்லை நீங்கள்.

நான்: யாரிடமும் சொல்லவில்லை கவி. எனக்கே இன்றைக்குத்தான் சொல்ல வந்தது.

பெரியப்பா: வண்டி ஏமாற்றியிருந்தால் வண்டியைச் சரிசெய்துவிட்டுப் போகலாம். இது அப்படி இல்லை. அவசரப்பட்டு விடவும் வேண்டாம், அவசரப்பட்டுப் போகவும் வேண்டாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரவு 9.24

நான்: அடுத்த மாத ஸ்லாட்டை இப்போதே விட்டுவிட்டேன். செய்தி அனுப்பிவிட்டேன். அதற்கு அடுத்ததைப் பற்றி இன்றைக்கு எதுவும் சொல்ல மாட்டேன் அம்மா. விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும் போல இருக்கிறது.

அம்மா: கோயிலில் பேசிக்கொள்ளலாம்

தங்கவேல் சித்தப்பா: வண்டியைச் சரிபண்ணி விற்றுவிடு. என் நண்பர் மகன் கேட்பான்.

நான்: முதலில் சரியாகட்டும் சித்தப்பா.

மாலதி அக்கா: பிரவீன் இனி அங்கே வரக் கூடாது. இது மட்டும் முடிவு.

நான்: சரி அக்கா.

பிரவீன்: அம்மா எனக்கு 21 வயது

மாலதி அக்கா: வீட்டுக்கு வந்து சொல்

சுசீலா சித்தி: ஹெல்மெட் எங்கே இருக்கிறது கவிதா? யாழினி எடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறாள்

கவிதா: என் பீரோவில் சித்தி. பட்டுப்புடவைக்குக் கீழே.

ரவி மச்சான்: தூக்கிப் போட்டுவிடு கவிதா

கவிதா: இப்போதைக்கு இருக்கட்டும் அண்ணா.

சுசீலா சித்தி: ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன்னால் பொங்கல் வைக்கலாம். அப்பத்தாவை யார் கூட்டி வருவது, யாராவது சொல்லுங்கள்

பெரியப்பா: என் அம்பாசடர் ஓடுகிறது.

மாலதி அக்கா: அது ஓடுகிறதா???

பெரியப்பா: ஓடும். செந்திலு, சனிக்கிழமை வந்து பிரேக் ஆயில் மாற்றிக்கொடு.

நான்: டாக்டர் பார்த்துவிட்டு மதியம் வருகிறேன் பெரியப்பா. டாட் 3 போதும் அதற்கு, நானே வாங்கி வருகிறேன்.

சுசீலா சித்தி: பழையதை எதற்கு, பேசாமல் டாக்சி சொல்லுங்கள்

தங்கவேல் சித்தப்பா: காலையில் பேசலாம் சுசீ