மீத்தேன் ஹைட்ரேட் ஏன் பனிக்கட்டியைவிட அதிகமாக விரிகிறது?

பொள்ளாச்சி மாணவி:
வணக்கமுங்க. கோயமுத்தூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். திங்கட்கிழமை செமினாரில் கிளாத்ரேட் ஹைட்ரேட் பற்றிப் பேச வேண்டும், ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கூண்டாகக் கட்டிக்கொண்டு, கூண்டுக்கு ஒரு மீத்தேனை உள்ளே வைத்திருக்கின்றன. கூண்டைக் கட்டியிருப்பது பனிக்கட்டியில் உள்ள அதே ஹைட்ரஜன் பிணைப்புதான்; மீத்தேனுக்கும் தண்ணீருக்கும் நடுவே அப்படிப் பிணைப்பு எதுவும் இல்லை, வெறும் வான்டர்வால்ஸ் இழுப்பு. அப்படியிருக்க 200 கெல்வின் பக்கத்தில் நீள விரிவுக் கெழு, அதாவது ஒரு கெல்வின் சூடு ஏறினால் நீளம் எந்தப் பங்கு கூடும் என்ற அளவு, பனிக்கட்டிக்கு சுமார் 56, மீத்தேன் ஹைட்ரேட்டுக்கு சுமார் 77 (கெல்வினுக்கு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). உள்ளே இருக்கும் வாயு சூடாகி பலூன் மாதிரி கூண்டை ஊதுகிறது என்கிறான் வகுப்பில் ஒருத்தன். ஒரு கூண்டில் இருப்பதே ஒரு மூலக்கூறு, அது என்னத்தை ஊதும்?

சிங்காநல்லூர் பட்டறைக்காரன்:
எனக்கு வேதியியல் தெரியாதுங்க, ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. இரும்புக்கே 12தான். வார்ப்பு ஆறும்போது சுருங்கும் என்று மாதிரியை ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்கிற ஆள் நான். பனிக்கட்டி அதைவிட நாலரை மடங்கு விரியுமா!

ஆய்வக அக்கா:
விரியும். அம்மிணி, பலூன் கதையை செமினாரில் சொல்லிவிடாதே, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பிய்த்துவிடுவார்கள்.

உள்ளே இருக்கும் மீத்தேன் சும்மா இருப்பதில்லை, சுவருக்குச் சுவர் ஆடிக்கொண்டே இருக்கிறது. சுவரை நெருங்கினால் பலமாகத் தள்ளப்படும், விலகினால் லேசாகத்தான் இழுக்கப்படும். தள்ளுவதும் இழுப்பதும் சமமாக இருந்தால் எவ்வளவு ஆடினாலும் கூண்டின் சராசரி அளவு மாறாது. சமமாக இல்லாததால்தான் சூடு ஏற ஏற, ஆட்டம் கூடக் கூட, சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்கிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: இந்த ஆட்டத்தின் அதிர்வெண் மிகக் குறைவு, படிகத்தில் வெப்பத்தைச் சுமந்து செல்லும் அலைகளின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டும் பின்னிக்கொள்வதால் அந்த அலைகள் வழியிலேயே சிதறிப்போகின்றன. அதனால்தான் ஹைட்ரேட்டின் வெப்பக் கடத்துதிறன் பனிக்கட்டியினுடையதில் கால் பங்கு அளவுக்கே இருக்கிறது. படிகமாக இருந்தும் வெப்பத்தைக் கடத்துவதில், ஒழுங்கான அடுக்கு இல்லாத கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிறது. அதிக விரிவு, குறைந்த கடத்தல் இரண்டையும் ஒரே ஸ்லைடில் வை, காரணம் ஒன்றுதான்.

சிங்காநல்லூர் பட்டறைக்காரன்:
அப்போ தூளியில் கிடக்கிற குழந்தை உதைத்து உதைத்துத் துணியைத் தொய்ய விடுகிற மாதிரியா?

ஈரோட்டு வாத்தியார்:
பாதி சரிங்க. குழந்தை உதைக்க மட்டும்தான் செய்யும், இது சுவரை உள்ளே இழுக்கவும் செய்யும். அந்த இழுப்பைக் காட்டிய சோதனை ஒன்று 2014இல் வந்தது. நியான் வாயு அடைத்த இரண்டாம் வகை ஹைட்ரேட்டை (கூண்டுகள் அடுக்கப்படும் விதத்தை வைத்து வகை பிரிப்பார்கள்) எடுத்து, கடுங்குளிரில் வெற்றிடப் பம்பு வைத்து நாள்கணக்கில் நியானை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். கூடு இடிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நின்றது. அந்தக் காலிக் கூட்டுக்குத்தான் பனி பதினாறு என்று பெயர். நியூட்ரான் சிதறலில் அளந்து பார்த்தால், குறைந்த வெப்பநிலையில் காலிக் கூடு நியான் இருந்த கூட்டைவிடப் பெரிதாக இருக்கிறது! உள்ளே ஆள் இருந்தவரை சுவரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அது மட்டுமல்ல, சுமார் 55 கெல்வினுக்குக் கீழே காலிக் கூட்டைச் சூடாக்கினால் அது சுருங்குகிறது. சாதாரணப் பனிக்கட்டியும் சுமார் 70 கெல்வினுக்குக் கீழே அப்படித்தான்.

பொள்ளாச்சி மாணவி:
அய்யோ, நான் நேர் எதிராக எழுதி வைத்திருந்தேன் ஐயா. ‘விருந்தாளி நுழைந்ததும் கூண்டு பருக்கும்’ என்று தலைப்பே போட்டுவிட்டேன். அப்புறம், பெரிய மூலக்கூறு உள்ளே போனால் விரிவுக் கெழுவும் பெரிதாகுமா?

ஆய்வக அக்கா:
உள்ளே இருப்பது பெரிதானால் கூட்டின் பக்க நீளம் சற்றுக் கூடலாம். ஆனால் சூட்டோடு அது எவ்வளவு வேகமாக ஏறும் என்பது, உள்ளே இருப்பது யார் என்பதைவிட, கூடு முதல் வகையா இரண்டாம் வகையா என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. முதல் வகையில் ஒரு அலகுக் கூட்டுக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டு) 46 தண்ணீர் மூலக்கூறு, எட்டு கூண்டு. இரண்டாம் வகையில் 136 தண்ணீர், 24 கூண்டு. கூண்டுக்குள் அடங்காமல் பிதுங்குகிற அளவுக்குப் பெரியவை என்றால் கணக்கு மாறும்.

கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் மீத்தேனுக்கு அலையாதே, அழுத்தக் கலன் வேண்டும். தண்ணீரில் எடையில் 19 விழுக்காடு டெட்ராஹைட்ரோஃப்யூரான் என்ற கரைப்பான் திரவத்தைக் கலந்து குளிரில் வைத்தால் சாதாரண அழுத்தத்திலேயே 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டாம் வகை ஹைட்ரேட்டாக உறைந்துவிடும். சீக்கிரம் தீப்பற்றும் சரக்கு, அதனால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதே, துறையில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

பொள்ளாச்சி மாணவி:
சரிங்க அக்கா. தலைப்பை மாற்றிவிட்டேன். பலூன்காரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, வாத்தியார் ஐயா சொன்ன காலிக் கூட்டுப் படத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.