ரைட்டிங் சாம்பிள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டுமா?

மிளகாய்வத்தல்:
அமெரிக்காவில் பிரெஞ்சு பிஎச்டிக்கு விண்ணப்பித்து, அதோடு ரைட்டிங் சாம்பிள், அதாவது தாங்களே எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை, அனுப்புகிற பிள்ளைகளுக்கு நேற்று இங்கே ஓர் அருள்வாக்கு கிடைத்தது: "ரைட்டிங் சாம்பிள் ஆங்கிலத்தில் போனால் சேர்க்கைக் கமிட்டி இரண்டாம் பக்கத்தைத் திருப்பாது." அருளியவர் புதுவைக்காற்று. எந்தத் துறையின் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பதிலே இல்லை. "பிரெஞ்சு அல்லது ஆங்கிலம்" என்று போட்டிருக்கிற துறைகள் உண்டு. இரண்டிலும் ஒவ்வொன்று கேட்கிற துறைகள் உண்டு. பிரெஞ்சு மட்டும் என்பவையும் உண்டு. டிசம்பர் 15 டெட்லைனை வைத்துக்கொண்டு இருக்கிற ஒரு பிள்ளை இதை நம்பி, உருப்படியான ஆங்கிலக் கட்டுரையை ஒரே வாரத்தில் பிரெஞ்சாக்கிக் கெடுத்தால் யார் பொறுப்பு?

புதுவைக்காற்று:
என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி. "அல்லது" என்பது மரியாதைக்குப் போடுவது. பத்திரிகையில் "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று அச்சடித்திருந்தால் வெறுங்கையை வீசிக்கொண்டா கல்யாணத்துக்குப் போவீர்கள்? பாரிஸிலிருந்தும் மான்ட்ரியாலிலிருந்தும் வருகிற கோப்புகளோடு உங்கள் கோப்பும் அதே அடுக்கில் இருக்கும். சேர்ந்த பிறகு இளநிலை மாணவர்களுக்கு நீங்கள் பிரெஞ்சு வகுப்பு எடுக்க வேண்டும். கட்டண விலக்கும் ஸ்டைபெண்டும் பாதி அதற்காகத்தான். உங்கள் பிரெஞ்சை அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்? பிரெஞ்சில் எழுதுங்கள்.

ஆறாம்விரல்:
முதலில் ஒன்று. பேசுவது பிரெஞ்சு இலக்கியமா, பிரெஞ்சு ஸ்டடீஸா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறை தனி. 1978ல் தொடங்கிய பிரெஞ்சு ஸ்டடீஸ் நிறுவனம் தனி. அங்கே வரலாறு, சமூகவியல், அரசியல்தான் பிரதானம். இலக்கியத் துறை சாம்பிளில் தேடுவது ஒன்று, இவர்கள் தேடுவது வேறொன்று. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை...

புதுவைக்காற்று:
எதுவாக இருந்தாலும் பிரெஞ்சில்.

மிளகாய்வத்தல்:
எதுவாக இருந்தாலும் துறை சொல்வதுபோல். "அல்லது" என்றால் அல்லது.

நெட்டைக்கொக்கு:
இரண்டு பேரும் மொழியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். நம் ஊர் எம்.ஏ. கோப்புகள் அடிபடுவது வேறு இடத்தில். இங்கே எழுதப் பழகுவது மூன்று பாகத் திட்டம் போட்ட திசர்தாசியோன் என்கிற பிரெஞ்சு பாணி வகுப்புக் கட்டுரை, ஆறேழு பக்கம், விமர்சகர் ஒருவர் பெயர்கூட இருக்காது. அங்கே எதிர்பார்ப்பது பெரும்பாலும் 15 முதல் 25 பக்கம், இரட்டை வரி இடைவெளி. ஒரே ஒரு வாதம், அதே நூலைப் பற்றி ஏற்கெனவே எழுதியவர்களோடு நேருக்கு நேர் மோதியிருக்க வேண்டும். "முதல் பாகத்தில் காண்போம், இரண்டாம் பாகத்தில் காண்போம்" என்கிற முன்னுரையைப் பார்த்ததுமே வகுப்பு அசைன்மென்ட் என்று தெரிந்துவிடும். அது எந்த மொழியில் இருந்தால் என்ன?

இன்னொன்று. நீண்ட எம்.ஏ. ஆய்வேட்டிலிருந்து நடு அத்தியாயத்தை அப்படியே உருவி அனுப்பாதீர்கள். "மேலே கூறியபடி" என்று தொடங்கும், மேலே ஒன்றும் இருக்காது. முகப்பில் நாலு வரிக் குறிப்பு போட்டு, முன்னுரையைத் திரும்ப எழுதுங்கள்.

மிளகாய்வத்தல்:
கொக்கு சொன்னது சரி. அவசரத்தில் பெயர்த்த பிரெஞ்சு எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். ஆங்கிலத்து "ஆக்சுவலி"க்கு "அக்துயெல்மான்" என்று விழும், அதற்கு அர்த்தம் "தற்போது". "ஈவென்ச்சுவலி"க்கு "எவாந்துயெல்மான்", அது "ஒருவேளை". கட்டுரையின் முடிவு வாக்கியத்தில் "இறுதியில் நாயகி விடுதலை பெறுகிறாள்" என்று எழுத நினைத்து "ஒருவேளை பெறலாம்" என்று எழுதிவிட்டு வந்து நிற்பார்கள். இதற்கு ஆங்கிலமே மேல்.

புதுவைக்காற்று:
அரைகுறைப் பிரெஞ்சை அனுப்பச் சொன்னேனா? தெரிந்தவர்களுக்குச் சொன்னேன். தட்டச்சிலேயே ஆள் தெரிந்துவிடும். முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறிக்கு முன்னால் சிறு இடைவெளி இருக்கும், வரி உடையாத இடைவெளி. மேற்கோளுக்கு « » வேண்டும். பெரிய எழுத்து E-யின் மேல் வருகிற கோட்டை விடக் கூடாது. வேர்டில் மொழியைப் பிரெஞ்சு என்று மாற்றினால் இதில் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும். அதைக்கூடச் செய்யாதவன் ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் என்ன கிழிப்பான்? பிரெஞ்சில் எழுதுங்கள்.

கனகாம்பரம்:
பிரெஞ்சு வரும் என்பதற்கு டால்ஃப் சி1 என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வின் சான்றிதழ் போதாதா? காலாவதியும் கிடையாது. டிசிஎஃப் என்கிற இன்னொரு தேர்வின் சான்றிதழ் மாதிரி இரண்டு வருடத்தில் செத்துப்போகாது.

புதுவைக்காற்று:
அம்மா, சி1ல் நாலு பகுதி, ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்கி, எதிலும் 5க்குக் கீழே போகாவிட்டால் பாஸ். எழுத்துப் பகுதியில் 220 சொல் அளவில் ஒரு சுருக்கம், 250 சொல்லில் ஒரு கட்டுரை. அது இருபது பக்க வாதத்துக்குச் சாட்சி ஆகுமா?

கனகாம்பரம்:
அதற்குத்தானே எஸ்ஓபியை, அதாவது ஆய்வு நோக்கத்தைச் சொல்கிற கட்டுரையை, பிரெஞ்சில் கேட்கிற துறைகள் இருக்கின்றன? மூன்று, நாலு நிமிட ஆடியோ கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜூம் நேர்காணலில் பாதியில் மொழியை மாற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சாம்பிள் ஒன்றில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்று யார் சொன்னது? அப்புறம், நான் உங்களுக்கு அம்மா இல்லை.

டீக்கடைபெஞ்ச்:
அண்ணே, போன மாசம் ஜிஆர்ஈ நுழைவுப் பரீட்சை இல்லாம பிரெஞ்சு பிஎச்டிக்கு உள்ளயே விடமாட்டாங்கன்னு சொன்னதும் நீங்கதானே? முக்கால்வாசி துறை அதை எடுத்தாச்சுன்னு லிங்க் போட்டதும் இழைய விட்டே காணாமப் போயிட்டீங்க. பாண்டிச்சேரியில பொறந்தா பிரெஞ்சு தாய்ப்பாலோட வந்துரும்னு ஒரு நெனப்பு.

புதுவைக்காற்று:
ஜிஆர்ஈ வேறு விஷயம். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், கையில் இருந்தால் போடலாம் என்றுதான் சொன்னேன். புதுவையை இழுக்க வேண்டாம். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்துவிட்டு, அதையே தகுதி என்று சிவியில் போடுகிற சென்னைக்காரர்களைப் பற்றி நானும் பேசுவேன்.

டீக்கடைபெஞ்ச்:
நான் மதுரை.

நெட்டைக்கொக்கு:
ஊர்ச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ரெகமண்டேஷன் கடிதம் மூன்று வேண்டும், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேராசிரியரின் ஜிமெயில் முகவரியைப் போர்ட்டலில் போடாதீர்கள், கல்லூரி முகவரி இல்லை என்றால் சந்தேகப்படுவார்கள். கடிதம் ஏற்றச் சொல்லி அவருக்குப் போகிற லிங்க் ஸ்பாமில் விழும், ஆறு வாரம் முன்பே அனுப்பி, போனிலும் சொல்லிவிடுங்கள். எஸ்ஓபியில் வழிகாட்டி என்று பெயர் போடுமுன் அவர் ஓய்வு பெற்று எமெரிடஸ் ஆகிவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்வத்தல்:
கல்லூரி முகவரியே தராத கல்லூரிகள் இங்கே எத்தனை என்று தெரியுமா கொக்கு? பேராசிரியர் எங்கே போவார்? கல்லூரித் தளத்தில் அவர் பெயருக்கு எதிரே அந்த ஜிமெயிலே இருந்தால் போதும். அந்தப் பக்கத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கலாம். "ஜிமெயில் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக அடித்து விடாதீர்கள். இங்கே அருள்வாக்கு சொல்ல ஓர் ஆள் போதும்.

நெட்டைக்கொக்கு:
பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை.

ஆறாம்விரல்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஓர் உதாரணம் தருகிறேன். தென்னிந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 1853ல் கரீபியனில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக் போய்ச் சேர்ந்த ஒரேலி கப்பல். அதையொட்டிய ஆய்வுக்கு பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அதை எஸ்ஓபியின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும், அந்த அடுக்கில் மற்றவர்களிடம் அது இருக்காது. இப்படிப்பட்ட வரலாற்றுக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆவண மேற்கோளைப் பிரெஞ்சு மூலத்திலேயே கொடுத்து, பெயர்ப்பை அடிக்குறிப்பில் போட்டால், பிரெஞ்சு வாசிப்பும் அங்கேயே தெரிந்துவிடும்.

புதுவைக்காற்று:
நல்ல தலைப்பு. பிரெஞ்சில் எழுதச் சொல்லுங்கள்.

கனகாம்பரம்:
சரி, ஆங்கிலச் சாம்பிளோடு மூன்று பக்கப் பிரெஞ்சுச் சுருக்கமும் வைத்தால்? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 75, 100 டாலர் என்று போகிறது. துறையின் கிராஜுவேட் ஒருங்கிணைப்பாளருக்கு ஒருவரி மெயில் போட்டுக் கேட்டால் இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

மிளகாய்வத்தல்:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். கேளுங்கள், படியுங்கள்.

புதுவைக்காற்று:
மெயிலில் "இரண்டும் சம்மதம்" என்றுதான் எழுதுவார்கள். அன்பளிப்பு தவிர்க்கவும், ஞாபகம் இருக்கட்டும்.

டீக்கடைபெஞ்ச்:
அண்ணே, அப்ப ரெண்டையும் ஒரே பிடிஎஃப்ல போட்டா?

புதுவைக்காற்று:
பிரெஞ்சு முதலில் வரட்டும்.

மிளகாய்வத்தல்:
எந்தத் துறையின் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது?