மறு: இம்பாக்ட் ஃபேக்டருக்குத் தமிழ் – ‘தாக்கக் காரணி’யை விட்டு ‘மேற்கோள் வீதம்’ எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்விதழ்களுக்கு ஆண்டுதோறும் கணக்கிடப்படும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற எண்ணுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: ‘தாக்கக் காரணி’, ‘தாக்கச் சுட்டி’. முதலாவது ஏற்கெனவே பலர் எழுதுவது. ஆனாலும் இரண்டையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். ஆய்வாளர்களின் வேலையும் பதவி உயர்வும் இந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பெயரே தவறான எண்ணத்தைக் கொடுத்தால் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஓர் இதழுக்கு 2024-ஆம் ஆண்டின் எண் வேண்டுமென்றால், 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றை 2024-இல் வந்த கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின (அதாவது சான்றாகக் குறிப்பிட்டன) என்று எண்ணுகிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் அதை வகுக்கிறார்கள். அவ்வளவுதான். யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கத் தகவலியலாளர் இதை வளர்த்தெடுத்ததில் நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவுவதும் ஒரு நோக்கம். எந்த ஆய்வாளரின் திறமையையும் இது அளக்கவில்லை.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘காரணி’ என்றால் பள்ளிக் கணக்கில் ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுப்பது. பேச்சு வழக்கிலும் செய்தித்தாளிலும் அது ஒன்றை உண்டாக்குவது: நோய்க் காரணி, ஆபத்துக் காரணி. அப்படியானால் ‘தாக்கக் காரணி’ என்று முதன்முதலாகக் கேட்கும் மாணவர் என்ன நினைப்பார்? தாக்கத்தை உண்டாக்கும் ஏதோ ஒன்று இதழுக்குள் இருக்கிறது, அதில் எழுதினால் அது நமக்கும் வந்துவிடும் என்றுதானே? இந்த எண்ணைப் பற்றிய மிகப் பெரிய தவறான புரிதலே அதுதான். ‘சுட்டி’ அந்த அளவுக்குத் தவறில்லை என்றாலும், ‘தாக்கம்’ அதிலும் முன்னால் நிற்கிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற படிகவியல் இதழ். 2008-இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தம் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை அதில் ஒரு கட்டுரையாக எழுதினார். படிக அமைப்பைக் கண்டறிய அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். விளைவு, 2008-இல் 2 அளவில் இருந்த இதழின் எண் 2009-இல் 49.926 ஆனது. அடுத்த ஆண்டும் ஐம்பதைத் தாண்டியது. 2011-இல் அந்தக் கட்டுரை இரண்டாண்டுக் கணக்கிலிருந்து விலகியதும் மறுபடி 2-க்கு வந்துவிட்டது. அந்த இடைக்காலத்தில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு இருபது மடங்கு உயர்ந்ததா? இல்லவே இல்லை. மொத்தத்தை வகுத்துச் சொல்லும் எந்த எண்ணுக்கும் இது நேரும். நம் சொல்லில் அந்த வகுத்தல் தெரிய வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: மேற்கோள் வீதம்.

‘மேற்கோள் சராசரி’ என்றுகூட முதலில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல். மேலே எண்ணும்போது தலையங்கம், கடிதம் ஆகியவற்றுக்கு வந்த மேற்கோள்களும் சேர்கின்றன. கீழே வகுக்கும்போது ஆய்வுக் கட்டுரைகளும், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மீளாய்வுக் கட்டுரைகளும் மட்டுமே கணக்கு. ஆகவே இது கறாரான சராசரி ஆகாது, புள்ளியியல்காரர்கள் ஒப்பமாட்டார்கள். ‘வீதம்’ அந்த வம்பில்லாத சொல். ஆளுக்கு இரண்டு வீதம் என்று சொல்கிறோமே, அதேபோல் கட்டுரைக்கு இத்தனை மேற்கோள் வீதம். சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. அப்புறம் இன்னொரு வசதி: இரண்டாண்டுக் கணக்கு, ஐந்தாண்டுக் கணக்கு என்று இரண்டு எண்கள் வெளியாகின்றன. ஈராண்டு மேற்கோள் வீதம், ஐந்தாண்டு மேற்கோள் வீதம் என்று இயல்பாகச் சொல்லிவிடலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘உங்கள் கட்டுரையின் தாக்கக் காரணி என்ன?’ என்று தேர்வுக் குழுவில் கேட்டால் யாருக்கும் உறுத்தாது. ‘உங்கள் கட்டுரையின் மேற்கோள் வீதம் என்ன?’ என்று கேட்டால் உடனே உறுத்தும், ஏனென்றால் வீதம் இதழுக்குத்தான் உண்டு. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறையில், இந்த எண் 10-க்கு மேல் உள்ள இதழில் எழுதிய கட்டுரைக்குக் கூடுதலாக 30 புள்ளி. துறை வல்லுநர்கள் சரிபார்த்து வெளியிடும் இதழாக இருந்தும் எண்ணே இல்லையென்றால், கூடுதலாக 5 புள்ளி. தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு இதனால் எவ்வளவு இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை மதிப்பிடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓர் அறிவிப்பையே உருவாக்கினார்கள். போலி இதழ்கள் பணம் பறிப்பதும் இந்த ஆசையைக் காட்டித்தான்: எங்கிருந்தோ ஓர் எண்ணை வாங்கி அட்டையில் அச்சிட்டுக்கொள்கின்றன. ‘எதை எதால் வகுத்தீர்கள்?’ என்று மாணவர் கேட்கத் தூண்டும் சொல் நமக்கு வேண்டும்.

‘மேற்கோள்’ என்பது பிறர் சொற்களை அப்படியே எடுத்துக் காட்டுவது அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சைவ சித்தாந்த நூல்களில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது அதற்கு நிறுவ வேண்டிய கூற்று என்ற பொருளும் உண்டு. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் சான்றுகளின் தலைப்பாக ‘மேற்கோள்கள்’ நிலைத்துவிட்டது. நிலைத்ததைக் கலைக்க வேண்டாம்.

எச்-இன்டெக்ஸ் என்ற இன்னோர் எண்ணின் பெயர் பற்றியும் சுருக்கமாக. இதுதான் தனி ஆளுக்கான எண். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்தது. ஒருவருடைய கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றிருந்து, பதினொரு கட்டுரைகள் ஒவ்வொன்றும் பதினொரு மேற்கோள் பெறவில்லை என்றால் அவர் எண் 10. ஒரே ஒரு கட்டுரை எழுதி அது ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் எண் 1-தான். ‘இன்டெக்ஸ்’ என்று பெயர் இருந்தாலும், விலைவாசிக் குறியீட்டெண் போல அடிப்படை ஆண்டு எதுவும் இதில் கிடையாது, வெறும் எண்ணிக்கை. அவகாட்ரோ எண் என்கிற மாதிரி ‘ஹிர்ஷ் எண்’ என்றால் போதும். எச்சா, ஹெச்சா என்ற எழுத்துச் சண்டையும் வராது.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும். இலங்கையில் ‘நூற்றுவீதம்’ என்பது வழக்கு. அங்குள்ள மாணவர் ‘மேற்கோள் வீதம் 3.2’ என்று படித்தால் சதவீதம் என்று எடுத்துக்கொள்வாரா? யாழ்ப்பாண, மட்டக்களப்பு நண்பர்கள் சொல்லுங்கள். குழப்பம் வரும் என்றால் ‘கட்டுரைவழி மேற்கோள் வீதம்’ என்று நீட்டலாம். சொல் நீளுவதில் எனக்கு மறுப்பில்லை.