பழவேற்காட்டில் ஆலா பறக்கும் படம்: வெள்ளை வெந்துபோகிறது, சிறகு கலங்குகிறது

கேள்வி:
பழவேற்காடு முகத்துவாரத்தில் காலையில் ஆலா (tern), கடற்காகம் (gull) பறப்பதைப் படம் எடுக்கிறேன். 150-600 லென்ஸ், அப்பெர்ச்சர் மோடு (லென்ஸ் துளையை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும்), ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்திறன் 400. ஷட்டர் 1/1000 விநாடி பக்கம் வருகிறது. வானத்தில் இருக்கும்போது பறவை கரிக்கட்டை. தண்ணீருக்கு மேல் வந்ததும் வெளிச்சம் மிஞ்சி வெள்ளையெல்லாம் வெந்து, இறகே தெரிவதில்லை. சிறகு நுனி கலங்கல். பாதிப் படங்களில் ஃபோகஸ் அலைமேல் நிற்கிறது. சூளூர்பேட்டை நண்பர் ஒருவர் கேமராவை மாற்றச் சொல்கிறார். மாற்றணுமா?

பதில் 1:
கேமரா இருக்கட்டும், முதலில் நிற்கிற இடத்தை மாற்றுங்க. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முகத்தில். வானத்துப் பறவை கரியாகத்தான் வரும். கடலுக்கு முதுகு காட்டி, ஏரிப் பக்கம் பார்த்து நில்லுங்க. இன்னொன்று காற்று. ஆலா எதிர்காற்றில்தான் மெதுவாகப் பறக்கும், அந்தரத்தில் நிற்கும், இறங்கும். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிற நாளில் ஏரிமேல் இருக்கிற பறவை உங்களை நோக்கியே வரும், வெயிலும் அதன் முகத்தில் விழும். விடியலில் தரைக்காற்று மேற்கிலிருந்து வந்தால் எல்லாம் வாலைத்தான் காட்டும். அன்று பக்கவாட்டில் போகிறதை எடுங்க, இல்லை காற்று திரும்பும்வரை டீ குடிங்க. கரையில் நிற்கிற படகின் கொடியைப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். பின்னணி வானமா தண்ணீரா என்று பார்த்து, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் மாறிக்கொண்டே இருக்கும். பறவைமேல் விழுகிற வெயில் மாறாது. அதனால் முழு மேனுவல், எல்லா அளவையும் நீங்களே வையுங்க. ஆட்டோ ஐஎஸ்ஓவும் வேண்டாம், அதுவும் இதே மீட்டரைத்தான் நம்பும். மேகமில்லாத காலை எட்டு மணிவாக்கில் 1/2500, எஃப்/7.1, ஐஎஸ்ஓ 800-இல் தொடங்குங்க. மணலில் உட்கார்ந்திருக்கிற கடற்காகத்தை ஒரு படம் எடுத்து, வெந்த இடம் மினுக்கிக் காட்டுகிற அமைப்பைப் போட்டுப் பாருங்க. நெஞ்சு வெள்ளை மினுக்கினால் ஷட்டர் வேகத்தை ஒரு க்ளிக் ஏற்றுங்க, அது நிற்கும்வரை. வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவைக் குறைத்து 400-க்குக் கொண்டுவரலாம். மேகம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து.

பதில் 2:
ஷட்டர் பற்றி: கடற்காகம் நிதானமாகச் சிறகடிக்கும், 1/1600 போதும். மீசை ஆலாவுக்கு 1/2500. சிற்றாலா தலைகீழாகப் பாயும்போது 1/3200-க்குக் கீழே இறங்காதீங்க.

பாய்கிற படம் வேண்டுமென்றால் பாயும்போது தேடாதீங்க, கிடைக்காது. அதற்கு முன் அலகைக் கீழே குனித்துக்கொண்டு ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். ஃபோகஸை அப்போதே பிடித்து, உடம்பு சாய்கிற நொடியில் தொடர் க்ளிக். மீசை ஆலா பெரும்பாலும் முழுகாது, தண்ணீர் மேற்பரப்பில் கொத்திக்கொண்டு எழும்பிவிடும். அதற்கு வேறு கணக்கு.

பதில் 3:
ஃபோகஸ் அலைக்குப் போவதற்குக் காரணம், எல்லாப் புள்ளிகளையும் திறந்து வைத்திருப்பதுதான். நடுவில் சின்னக் கூட்டமாக ஒன்பது புள்ளி போதும். தொடர் ஃபோகஸ், பின்பக்கப் பொத்தானில். குறுக்கே அலை வந்தாலும் உடனே தாவாதபடி ட்ராக்கிங்கைப் பிடிவாதப் பக்கம் வையுங்க. லென்ஸில் தூர வரம்புச் சுவிட்ச் இருந்தால் கிட்டத்துத் தூரத்தை அடைத்துவிடுங்க. தேடும்போது 600 வேண்டாம். 400-இல் பறவையைப் பிடித்து, பிறகு 600-க்கு இழுங்க.

கண்ணைத் தேடிப் பிடிக்கிற புதுக் கேமராவும் ஆலாவிடம் தடுமாறும். கண்ணும் கறுப்பு, அதைச் சுற்றிய இறகும் கறுப்பு. பழுப்புத்தலைக் கடற்காகம் அந்த வகையில் சுலபம்: வளர்ந்த பறவைக்குக் கண் வெளிறியது. பெயர்தான் பழுப்புத்தலை, குளிர்காலத்தில் தலை வெள்ளை, காதருகே ஒரு கரும்பொட்டு மட்டும்.

கேட்டவர்:
நன்றி. ஒன்பது மணிக்கு மேல் எடுத்தவை எதுவுமே கூர்மையாக இல்லையே, அது லென்ஸ் கோளாறா? சாயங்காலம் போகலாமா?

பதில் 1:
லென்ஸ் இல்லை, கானல். சூடேறிய மணலுக்கு மேல் காற்று நெளியும். எந்த லென்ஸும் தப்பாது. முப்பது மீட்டருக்குள் வருகிறதை மட்டும் எடுங்க. சாயங்காலம் வெயில் மேற்கே, காற்று பெரும்பாலும் கடலிலிருந்து. வெயிலுக்கு முதுகு கொடுத்து நின்றால் பறவையும் உங்களுக்கு முதுகு கொடுக்கும்.

பதில் 4:
எங்க கன்னியாகுமரி மேற்குக் கரையில் இது அப்படியே தலைகீழ். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேருகிற இடத்தில் சாயங்காலம்தான் வாய்ப்பு: வெயிலும் காற்றும் கடல் பக்கமிருந்தே வரும்.

உப்புத் தூறல் பட்டால் கண்ணாடியைச் சட்டையால் துடைக்காதீங்க. ஊதுபந்தால் மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் உலர்ந்த துணி. படகில் போனால் முழங்கையை விளிம்பில் ஊன்றாதீங்க, இன்ஜின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறும். கோடையில் மணல்திட்டில் ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் காலடியில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்க.